கைப்பேசிக் குறிப்பேடுகள் மூன்று

வியாபாரச் சகோதரர்களே! பாக்கி விவரமும் கொள்முதல் விலையும் இன்று கைப்பேசியில் ஏறிவிட்டன. ஜாலான் புசாரில் கடை நடத்தும் நாம், குறிப்பெழுதும் செயலிகள் மூன்றைச் சீர்தூக்கிப் பார்ப்போம்.

1. கூகிள் கீப் (2013): இலவசம். சாமான் பட்டியலுக்குச் சௌகரியம். நீண்ட விவரங்களுக்குப் போதாது.

2. எவர்நோட்: தேடிக் கொடுப்பதில் கெட்டி. ஆயினும் 2023 டிசம்பரில் இலவசக் குறிப்புகளை 50 எனச் சுருக்கியது. அதற்குமேல் எழுதச் சந்தா கேட்டது.

3. அப்சிடியன்: குறிப்புகள் நம் கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்புகளாக இருக்கும். செயலி மறைந்தாலும் எழுத்து நிற்கும். நகலெடுத்து வைப்பது நம் பொறுப்பு.

வியாபார ஆவணங்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்கும்படி சிங்கப்பூர் உள்நாட்டு வருவாய் ஆணையம் கூறுகிறது. ஆகவே, எது அழகு என்று பார்க்குமுன், எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்று பார்த்தல் வேண்டும். எடுக்க இயலாத ஏட்டில் பாக்கியை எழுதலாகாது.