விடுமுறைக்கு வருகிறீர்களா? கீழப்பாவூரிலிருந்து கிளம்புங்கள்

துபாய், ஷார்ஜா பக்கத்து இந்தியப் பள்ளிகளுக்கு ஜூலை, ஆகஸ்ட் விடுமுறை. குற்றாலத்தில் சீசனும் அதே மாதங்களில்தான். சுந்தரபாண்டியபுரம் வயல்களில் சூரியகாந்தி பூப்பதும் அப்போதுதான். பாலைவன நகரத்துக் கோடையில் வீடு, கார், மால் என்று ஏ.சி.க்குள்ளேயே அடைந்து கிடக்கும் பிள்ளைகளை ஊருக்குக் கூட்டிவர இதைவிடத் தோதான காலம் கிடையாது. ஆனால் வருகிறவர்களில் பலர் நேரே குற்றாலத்தில் அறை எடுத்து, சனி ஞாயிறு கூட்டத்தில் மாட்டி, அருவியைத் தவிர ஒன்றையும் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். கீழப்பாவூரை மையமாக வைத்துச் சுற்றிப் பாருங்கள். சொந்தபந்தம் இருந்தால் அவர்கள் வீட்டிலேயே இருக்கலாம். இல்லையென்றால் பாவூர்சத்திரத்திலோ தென்காசியிலோ தங்கிக்கொள்ளுங்கள்.

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்குகிறவர்கள் தென்மலை, ஆரியங்காவு, புளியரை வழியாகக் காரில் வரலாம். மலைப்பாதை என்பதால் பகலில் வருவது நல்லது. வழி நெடுகப் பச்சையைப் பார்த்தபடி பிள்ளைகள் வருவார்கள். ரயிலில் வந்தால் திருநெல்வேலி - செங்கோட்டை பாதையில் பாவூர்சத்திரத்தில் இறங்கவேண்டும். அங்கிருந்து கீழப்பாவூர் சில கிலோமீட்டர்தான், ஆட்டோவில் போய்விடலாம்.

முதல் நாள் எங்கும் ஓடாதீர்கள். சாயங்காலம் கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போங்கள். பிரசன்ன வெங்கடாசலபதி கிழக்கு நோக்கி நிற்கிறார். அவருக்குப் பின்புறம் தனிச் சன்னதியில், மேற்கே பார்த்து, பதினாறு கைகளோடு நரசிம்மர். பிள்ளைகளைச் சன்னதி முன்னால் நிறுத்தி, கைகளை எண்ணச் சொல்லுங்கள். இரணியனை மடியில் கிடத்தியிருக்கும் கைகள் எவை, ஆயுதம் தாங்கிய கைகள் எவை என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பிரகலாதன் கதை முழுவதையும் கேட்டுவிடுவார்கள். எதிரே தெப்பக்குளம். சுவாமியின் உக்கிரத்தைத் தணிக்கவே தீர்த்தம் முன்னால் இருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை. சுவாதி நட்சத்திரத்தன்று சிறப்பு பூஜை உண்டு, வெளியூர்க் கூட்டமும் வரும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு நாளில் வாருங்கள். மதியம் நடை சாத்தியிருக்கும்.

மறுநாள் காலையில் பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தை. இதைச் சுற்றுலா இடம் என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டத்துக் காய் எல்லாம் இங்கே வந்து ஏலம் போகிறது, பெரும்பகுதி மலை தாண்டிக் கேரளத்துக்கு ஏறுகிறது. ஓணம் நெருங்கினால் வியாபாரம் இன்னும் சூடு பிடிக்கும். மண் ஒட்டிய சின்ன வெங்காயம் சாக்குச் சாக்காக இறங்கும். வியாபாரி ஒரு கை அள்ளி, உள்ளங்கையில் உருட்டி, காய்ந்த தோலை ஊதிவிட்டுத்தான் விலை கேட்பார். சூப்பர் மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் மட்டும் காய் பார்த்த பிள்ளைக்கு இது பெரிய பாடம். சுமை தூக்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நில்லுங்கள்.

குற்றால அருவிக்கு வார நாளில், விடிந்ததும் போய்விட வேண்டும். ஆடி அமாவாசையன்று குடும்பத்தோடு குளிக்க நினைக்கவேண்டாம், தலைதான் தெரியும், தண்ணீர் தெரியாது. சிறு குழந்தைகள் இருந்தால் புலியருவியோ சிற்றருவியோ போதும். பெரியவர்களுக்கு ஐந்தருவி, பேரருவி, பழைய குற்றாலம். செண்பகாதேவி, தேனருவி இரண்டும் வனத்துறைக் கட்டுப்பாட்டில் உள்ள மேல்மலை அருவிகள், அங்கே ஏற முயலாதீர்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதுவும் கொண்டுபோகாதீர்கள். இவற்றுக்குத் தடை இருக்கிறது, நீங்கள் கழுவிவிடுவது அப்படியே சிற்றாற்றில்தான் சேரும்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் மலைக்கு மேல் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது. தெளிந்த தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் சேர்ந்து விழுந்தாலோ, இரைச்சல் கூடினாலோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியே வாருங்கள். துண்டு, செருப்பு கிடக்கட்டும். பேரருவியின் பாதுகாப்பு வளைவைக் குறித்து "ஆர்ச்சைத் தாண்டித் தண்ணி விழுது" என்று யாராவது சொன்னால் அன்றைக்குக் குளியல் இல்லை என்று அர்த்தம். போலீசார் தடுத்தால் வாதாடாதீர்கள்.

குளித்துவிட்டு ஈரத்துணியோடு கிளம்பிவிடாமல், உடை மாற்றிக்கொண்டு குற்றாலநாதர் கோயிலுக்கும், அடுத்தாற்போல் சித்திர சபைக்கும் போங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று இது. சுவர் முழுக்க ஓவியங்கள். அருவிக்கு வருகிற கூட்டத்தில் கால்வாசிப் பேர்கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம். தொடாமல் பார்க்கப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். வெளியே மங்குஸ்தானும் ரம்புட்டானும் குவித்து விற்பார்கள், விலை பேசி வாங்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிரானூர் பார்டர் பரோட்டா. வரிசையில் நிற்கத்தான் வேண்டும்.

தென்காசி காசி விசுவநாதர் கோயிலுக்குச் சாயங்காலம் போவது நல்லது. பராக்கிரம பாண்டியன் 15ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில். கோபுரம் 1924இல் தீப்பற்றிச் சிதைந்து, பல பத்தாண்டுகள் மொட்டையாக நின்றது. இப்போது நிற்கும் ஒன்பது நிலை, சுமார் 180 அடிக் கோபுரத்துக்கு 1990இல் குடமுழுக்கு நடந்தது. வாசலில் நுழையும்போது பொதிகைக் காற்று முந்தானையையும் வேட்டியையும் பிடித்து இழுக்கும். பிள்ளைகள் இதற்காகவே திரும்பத் திரும்ப வெளியே போய் உள்ளே வருவார்கள், விட்டுவிடுங்கள். உள்ளே மண்டபத்து வீரபத்திரர் சிலைகளுக்கு முன்னால் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்.

சூரியகாந்திக்கு ஒரு காலைப்பொழுது. சுந்தரபாண்டியபுரம், சுரண்டை, ஆய்க்குடி, சாம்பவர்வடகரைப் பக்கம் எந்த வயல் பூத்திருக்கிறது என்பது வருடத்துக்கு வருடம் மாறும். டீக்கடையில் கேட்டால் சொல்லிவிடுவார்கள். முற்றிய பூக்கள் கிழக்கையே பார்த்து நிற்கும். அதனால் வயலுக்குக் கிழக்குப் புறம் நின்று, காலை வெயில் உங்கள் முதுகில் படும்படி படம் எடுங்கள். வரப்பை விட்டு இறங்காதீர்கள். விவசாயிக்கு அது எண்ணெய் வித்து, ஒடிந்த செடி அவருக்கு நட்டம். உள்ளே விடக் காசு கேட்டால் கொடுத்துவிடுங்கள். 'ரோஜா', 'அந்நியன்' படப்பிடிப்பு நடந்த ஊர் என்று சொன்னால் பெரியவர்களும் உற்சாகமாகி விடுவார்கள். 'அந்நியன்' பாட்டுக்காக நடிகர்கள் முகம் வரைந்த பாறைகளையும் கேட்டுப் பாருங்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பண்பொழி திருமலைக்கோயில். படி ஏற முடியாதவர்களுக்கு வண்டிப் பாதை உண்டு.

சில வருடங்களில் சாரல் ஏமாற்றிவிடும். அருவிகள் நூலாக வழியும்போது குற்றாலத்தில் நாளைக் கழிக்காமல் பாபநாசம் அகத்தியர் அருவிக்குப் போய்விடுங்கள். அங்கே ஆண்டு முழுக்கத் தண்ணீர் விழும். புலிகள் காப்பகப் பகுதி என்பதால் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள், மாலையில் சீக்கிரமே வாசலை அடைத்துவிடுவார்கள். பிளாஸ்டிக் கவர், பாட்டில் எல்லாவற்றையும் வீட்டிலேயே வைத்துவிட்டு, புளியோதரையைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு காலையிலேயே புறப்படுங்கள்.