கணக்கின் கடைசிப் பக்கம்

கனடா நாட்டில் கியூபெக் நகருக்கு அருகே, செயிண்ட் லாரன்ஸ் என்னும் பேராற்றின் குறுக்கே ஒரு பெரும் பாலம் அமைக்க முற்பட்டனர். நடுவிலுள்ள இரு தூண்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 1600 அடி என்பது முதல் திட்டம். ஆழமான நீரில் தூண் எழுப்புவதன் அருமையையும், குளிர்காலத்தில் மிதந்துவரும் பனிக்கட்டிகள் தூணை மோதும் கொடுமையையும் எண்ணிய ஆலோசகப் பொறியாளர் தியோடர் கூப்பர், 1900ஆம் ஆண்டில் அத்தொலைவை 1800 அடியாக நீட்டினார். அவ்வகைப் பாலம் அத்துணை நீளத்திற்கு அதுவரை உலகில் எங்கும் கட்டப்பட்டதில்லை.

நீளம் மிகுந்தால் எஃகு மிகும். எஃகு மிகுந்தால் எடையும் மிகும். பெரும் பாலங்களில், மேலே ஓடும் வண்டிகளின் சுமையினும் பாலத்தின் சொந்த எடையே பெரிது. ஆயினும், எடைக்கென முன்னர்க் கொண்ட மதிப்பு மீண்டும் கணக்கிடப்படாமலே நின்றுவிட்டது. 1906ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில்தான் உண்மை வெளிப்பட்டது. கணக்கில் கொண்ட எடை 6 கோடியே 20 இலட்சம் இராத்தல்; பாலம் பெறப்போகும் எடையோ 7 கோடியே 30 இலட்சம் இராத்தல்! அதற்குள் பாலத்தின் ஒரு பகுதி எழுந்து நின்றது. உறுப்புகளின் தகைவு நூற்றுக்கு 7 முதல் 10 வரையே மிகும் என்றும், அதனைப் பாலம் தாங்கும் என்றும் கருதிய கூப்பர், வேலையைத் தொடரவிட்டார்.

பொறியாளரின் கணக்கு நூற்றுக்கணக்கான தாள்களில் விரியும். ஒவ்வொரு தாளிலும் கூட்டலும் பெருக்கலும் பிழையின்றி இருக்கலாம். முதல் தாளில் கொண்ட எடை தவறானால் அத்தனையும் தவறே. ஆதலின், கணக்கின் இறுதியில் முடிவுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் தொகுத்து அட்டவணையாக எழுதுவது நல்ல பொறியாளரின் வழக்கம். அட்டவணையின் தலைப்பிலேயே, கொண்ட எடை இவ்வளவு, அது கணக்கிட்ட நாள் இது என்று குறிக்க வேண்டும். கீழே, உறுப்புக்கு ஒரு வரி. அவ்வரியில் உறுப்பின் பெயர், அது தாங்கும் விசை, அதனால் எழும் தகைவு, ஏற்கத்தக்க தகைவு, இவ்விரண்டின் விகிதம், கணக்குள்ள தாளின் எண் ஆகியவை முறையே நிற்கும். அலகை ஒவ்வோர் எண்ணின் பின்னும் எழுதாமல் பத்தியின் உச்சியில் ஒருமுறை எழுதினால் போதும். ஓரிடத்தில் இராத்தலும் ஓரிடத்தில் டன்னுமாகக் கலப்பது பெருங்கேடு. விகிதம் ஒன்றைத் தாண்டிய உறுப்பு, தேடாமலே கண்ணில் படும். எடை மாறிய அன்றே தலைப்பிலுள்ள எண் பழையது என்பதும் தெரிந்துவிடும்.

இனி, கியூபெக்கில் நேர்ந்ததைக் காண்போம். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பாலத்தின் அடிப்பகுதியிலுள்ள சில உறுப்புகள் வளைந்திருக்கக் கண்டனர். அவற்றுள் ஒன்றன் வளைவு முக்கால் அங்குலமாக இருந்தது. 27ஆம் நாள் அளந்தபோது இரண்டேகால் அங்குலம். ஆலையிலிருந்து வரும்போதே அவை வளைந்திருந்தன என்றனர் ஒரு சாரார். பாலத்தில் பொருத்திய பின்னரே வளைந்தன என்றனர் மற்றொரு சாரார். நாளையும் அளவையும் அருகருகே நிறுத்திய இரண்டு வரிகளுக்கு முன் இவ்வாதம் எத்துணை நேரம் நிற்கும்? வளைவு வளர்கிறது, வளர்வது பழைய வளைவு அன்று.

செய்தியுடன் இளம் பொறியாளர் ஒருவர் நியூயார்க் சென்று, 29ஆம் நாள் கூப்பரைக் கண்டார். மேலும் சுமை ஏற்ற வேண்டா என்று கூப்பர் தந்தி அடித்தார். தந்தி சென்றது பென்சில்வேனியாவிலிருந்த பாலக் கம்பெனிக்கு. ஆற்றங்கரையில் வேலை நிற்கவில்லை. அன்று மாலை, வேலை முடியும் வேளையில், ஏறத்தாழ 15 நொடிகளில் பாலத்தின் தென்பகுதி முழுதும் சரிந்து ஆற்றில் வீழ்ந்தது. 75 தொழிலாளர் மாண்டனர். அவர்களுள் முப்பதுக்கு மேற்பட்டோர் காநவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மோகாக் மக்கள்.

விசாரணைக் குழுவினர், எடையை மறுகணக்கிடாமை பெரும்பிழை என எழுதினர். அவ்விடத்திலேயே மிகப் பருத்த உறுப்புகளைக் கொண்டு புதிய பாலம் எழுந்தது. 1916இல் அதன் நடுப்பகுதியை உயர்த்தும்போது அதுவும் வீழ்ந்து 13 உயிர்களைக் கவர்ந்தது. 1917இல் பணி முற்றுப்பெற்றது. அதே 1800 அடித் தொலைவைத் தாண்டி இரயில்கள் அதன்மீது இன்றும் செல்கின்றன.