நோயுற்றவர் அறிவு

நுழையும்முன்

நோயை ஆராய்பவர் மருத்துவர். நோயோடு வாழ்பவர் நோயாளர். இவ்விருவர் அறிவும் ஒன்றுசேரும்போதே தக்க மருத்துவ முடிவு பிறக்கிறது. கல்லுடைப்போரைத் தாக்கும் நுரையீரல் நோயை முன்வைத்து இவ்வுண்மையை விளக்குகிறது இப்பாடம்.

கல்லும் தூசியும்

புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலை, பாறைக் குன்றுகள் சூழ்ந்த ஊர். அங்கு மேலமலையில் நிற்கும் விசயாலய சோழீச்சுரம், கல்லை வசப்படுத்திய கைகளின் திறத்துக்குச் சான்று. கல்லுடைக்கும் தொழில் இம்மாவட்டத்தில் இன்றும் பலருக்குச் சோறிடுகிறது.

கருங்கல்லில் படிகச் சிலிக்கா உள்ளது. கல்லைத் துளையிடும்போதும் உடைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத அதன் துகள்கள் மூச்சுக்காற்றுடன் நுரையீரலின் நுண்ணறைகளை அடைகின்றன. அவற்றை விழுங்கும் பாதுகாப்புச் செல்கள் மடிகின்றன; அங்கே தழும்பு உண்டாகிறது. மென்மையான நுரையீரல் மெல்ல இறுகுகிறது. இதுவே சிலிக்கோசிஸ். பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் தூசியைச் சுவாசித்த பின்னரே இது வெளிப்படும். இதனை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இல்லை.

கேட்க வேண்டிய வினா

இருமல், மூச்சுத்திணறல், உடல்மெலிவு ஆகியன காசநோய்க்கும் உரியவை. எக்ஸ்ரே படமும் சில வேளைகளில் மயக்கம் தரும். சிலிக்கோசிஸ் உற்றவரைக் காசநோய் எளிதில் பற்றும் என்பதால் குழப்பம் மேலும் கூடுகிறது. எனவே சளிப் பரிசோதனையுடன் ஒரு வினாவும் இன்றியமையாதது. இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700-இல் வெளியிட்ட நூலில், நோயாளரிடம் ‘உம் தொழில் யாது?’ என மருத்துவர் கேட்கவேண்டும் என்று வலியுறுத்தினார்.

அதற்கான விடை நோயாளரிடம் மட்டுமே உள்ளது. குவாரியை விட்டு வந்து, இன்று காவலாளியாக இருப்பவர் இன்றைய வேலையை மட்டும் சொன்னால் நோயின் வேர் மறைந்துவிடும். எத்தனை ஆண்டுகள் கல்லுடைத்தார், துளையிடுகையில் தண்ணீர் தெளிக்கப்பட்டதா, எத்தனை படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பனவெல்லாம் மருத்துவச் செய்திகளே.

முடிவு யாருடையது?

‘தூசியை விட்டு விலகுக’ என்பது மருத்துவர் அறிவு. ‘வேலையை விட்டால் அடுப்பெரியாது’ என்பது நோயாளர் அறிவு. முன்னது மட்டும் பேசப்பட்டால், தலையசைத்துச் செல்பவர் மறுநாள் குவாரிக்கே திரும்புவார். இரண்டும் பேசப்பட்டால் தூசியற்ற மாற்றுவேலை, இழப்பீடு, தொடர் பரிசோதனை எனச் செல்லத்தக்க வழி புலப்படும். போதிய தகவலறிந்து நோயாளர் தரும் ஒப்புதலே உண்மையான ஒப்புதல் என உச்சநீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் 2008-இல் தெளிவுபடுத்தியது.

மருத்துவத்தின் நான்கு கூறுகளைச் சொல்லும் வள்ளுவர், மருத்துவருக்கும் மருந்துக்கும் முன்னதாக நோயுற்றவரையே வைத்தார். அவ்வரிசை ஆழ்ந்து எண்ணத்தக்கது.

தெரிந்து தெளிவோம்

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923), சிலிக்கோசிஸைத் தொழில்சார் நோயாக ஏற்றிருந்தது. தொழிற்சாலைச் சட்டத்தின்படி (1948) இந்நோய் கண்டறியப்பட்டால் அரசுக்கு அறிவிக்கவேண்டியிருந்தது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் தூசியிடையே நடைபெறும் தொழில்களைப் பட்டியலிட்டு, பாதுகாப்பு வழிகளைக் கலந்துரையாடுக.
2. மருத்துவரிடம் சொல்லவேண்டிய செய்திகளைத் தொகுத்து, முதியவர் ஒருவருக்கு உதவும் குறிப்பு எழுதுக.