வேகமான இணைப்பு வேண்டுமா? முதலில் கம்பியைப் பாருங்கள்!



தராசு, படிக்கல், பேரேடு இம்மூன்றும் இருந்தால் கடை நடத்திவிடலாம் என்றிருந்த காலம் போய்விட்டது. நம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் 2007-லேயே கணினிக்கு மாறியது. 2021-இல் போடி மையத்தையும் புத்தடி மையத்தையும் இணையவழியில் ஒன்றாக இணைத்தார்கள். 2018 முதல், வெளி மாநிலத்துக்குப் போகும் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் வேண்டும். ஏலக்காயில் ஒரே மூட்டை அந்த மதிப்பைத் தாண்டிவிடுகிறது. ஆக, கணினி நின்றால் லாரியும் நிற்கும்.

அப்படி நின்ற கதையைச் சொல்லவே இதை எழுதுகிறோம்.

எங்களுக்குக் கீழே கடை, மாடியில் வீடு, பின்னால் கிட்டங்கி. கணக்கு முழுவதும் மாடியில் உள்ள கணினியில் இருக்கிறது. கிட்டங்கியிலிருந்து கம்பி வழியாக அதைத் திறந்து பில் போட வேண்டும். அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். பாதியில் அறுந்தும் போகும். கணக்கு எழுதும் தம்பியை, "கை சுறுசுறுப்புப் போதாது" என்று பலமுறை கடிந்துகொண்டோம். இணைய நிறுவனத்துக்கு மாதக் கட்டணத்தைக் கூட்டிக் கட்டி, 100 மெகாபிட்டை 300 ஆக்கினோம். பலனில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, சரக்கு ஏற்றிய லாரி பில்லுக்காக மூன்று மணி நேரம் வாசலில் காத்துக் கிடந்தது.

மறுநாள் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்து வந்தோம். அவர் கிட்டங்கிக் கம்பியை வெட்டி, பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! சுவிட்சோ பத்து வருடப் பழசு. மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிப் போட்டவர்கள் நாங்களே. அன்றே தம்பியைக் கூப்பிட்டு, "தப்பு உன் மேல் இல்லை, எங்கள் மேல்" என்று சொன்னோம்.

இதில் உள்ள பாடம் எளியது. மதுரையிலிருந்து தேனி வரை அகலப்பாதையில் 2022 மே மாதமே ரயில் வந்துவிட்டது. ஆனால் தேனி–போடி 15 கிலோமீட்டர் முடியாததால், 2023 ஜூன் வரை நமக்கு ரயில் இல்லை. வலைப்பின்னலும் அப்படித்தான். ரௌட்டர், சுவிட்ச், கம்பி, முனை, கணினி ஆகிய ஐந்தில் எது மிக மெதுவோ, அதன் வேகமே மொத்த வேகம். வெளியிலிருந்து வரும் இணைய வேகம் வேறு, கட்டடத்துக்குள் ஓடும் வேகம் வேறு. முன்னதற்குக் கூடுதல் பணம் கட்டினால் பின்னது சரியாகாது.

அளவுக் கணக்கு

பழைய அளவில் எட்டுப் படி ஒரு மரக்கால். கணினியில் எட்டு பிட் ஒரு பைட். விளம்பரத்தில் சொல்வது மெகாபிட். நாம் சேமிக்கும் கோப்பு மெகாபைட். எனவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்டுக்கு மேல் போகாது. 10 ஜிகாபைட் கணக்கையும் படங்களையும் நகல் எடுக்கப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். 1000 மெகாபிட், அதாவது ஒரு ஜிகாபிட் இணைப்பில் ஒன்றரை நிமிடம் போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

1. கம்பி: சுவருக்குள் போவது இதுதான். மாற்றுவதென்றால் சுவரைக் கொத்த வேண்டும். ஆகவே மற்றதில் சிக்கனம் பிடித்தாலும் இதில் பிடிக்காதீர்கள். முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சிறு துண்டு வாங்கிச் சுரண்டியும் பாருங்கள். 'கேட் 5 இ' ரகம் 100 மீட்டர் வரை ஜிகாபிட் வேகத்தைத் தாங்கும். புதிதாகப் போடுபவர்கள் 'கேட் 6' போடலாம். வீட்டில் ஏற்கெனவே நல்ல செம்பில் 'கேட் 5 இ' இருந்தால் பிடுங்க வேண்டாம்.

2. முனை: கம்பிக்குள் எட்டு இழைகள், நான்கு ஜோடி. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஓர் இழை சரியாகப் பொருந்தாவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். வேலை முடிந்ததும் எட்டு இழையையும் சோதனைக் கருவியில் காட்டச் சொல்லிப் பிறகு கூலி கொடுங்கள்.

3. சுவிட்ச்: எல்லாத் துளையும் ஜிகாபிட்டா என்று கேளுங்கள். சாதாரண ரகமே நம் கடைக்குப் போதும். இன்று ஐந்து தேவையென்றால் எட்டுத் துளை வாங்குங்கள். கேமராவுக்கு அதே கம்பியில் மின்சாரமும் அனுப்பும் ரகம் வாங்கினால், மொத்தம் எத்தனை வாட் தரும் என்று பாருங்கள். துளை எட்டு இருந்தாலும், எட்டுக் கேமராவுக்கும் மின்சாரம் போதும் என்று பொருளல்ல.

4. ரௌட்டர்: வைஃபை வேகத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, கம்பித் துளையை 100 மெகாபிட்டாக வைத்திருக்கும் ரகங்கள் உண்டு. பெட்டியைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படியுங்கள். செல்போனுக்கு வைஃபை போதும். பில் போடும் கணினிக்குக் கம்பியே உறுதி.

5. அகலக்கால் வேண்டாம்: 2.5 ஜிகாபிட், 10 ஜிகாபிட் என்றும் விற்கிறார்கள். பெரிய வீடியோக் கோப்புகளைக் கையாளுபவர்களுக்கு அது வேண்டும். மளிகைக் கடைக்கு அந்தப் பணத்தில் ஒரு யு.பி.எஸ். வாங்கினால் பிரயோஜனம். மின்சாரம் போனால் கணினியோடு ரௌட்டரும் சுவிட்சும் ஓட வேண்டுமே!

மலைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட் வீட்டுக்கும் காய் உலர்த்தும் ஸ்டோருக்கும் நடுவே வெட்டவெளியில் செம்புக் கம்பி இழுக்காதீர்கள். இடி மின்னல் காலத்தில் இரு முனையிலும் உள்ள கருவிகள் கருகிவிடும். 100 மீட்டருக்கு மேல் செம்பு சரிவராது என்பதும் உண்டு. அங்கே கண்ணாடி இழைக் கம்பி போடுங்கள். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகக் கேட்டு வாங்குங்கள். கட்டடத்துக்குள்ளும், மின்சார ஒயர் போகும் அதே குழாயில் இந்தக் கம்பியைச் சேர்த்து விடக்கூடாது.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு கணினியிலும் இணைப்பு வேகம் 1000 என்று காட்டுகிறதா எனப் பாருங்கள். 100 என்றிருந்தால், ஐந்தில் ஏதோ ஒன்று குறை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் அகப்பட்டுவிடும்.

ஏலக்காயைக் கையில் எடுத்தால் நிறம், பருமன், எடை பார்த்து, ஒன்றை உடைத்து உள்ளே அரிசியையும் பார்த்த பிறகே நாம் விலை சொல்கிறோம். கம்பியை மட்டும் மேல்நிறம் பார்த்து வாங்கி ஏமாந்தோம். அந்த ஏமாற்றம் எங்களோடு போகட்டும். உங்கள் கடையில் பில் தாமதமானால், பையனைக் கடிந்துகொள்ளுமுன் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள்.