தடி அடுப்புக்கு, இலை வயலுக்கு

வேலிக்கும் விறகுக்கும் ஏற்ற மரங்களுள் சீமைக்கிளுவை என்னும் கிளிரிசிடியா சிறந்ததொன்றாகும். அதனை இலையோடு வெட்டி உலர்த்தி எரிக்கும் கமக்காரர், தம் பயிருக்குரிய பசளையையும் சேர்த்தே எரிக்கின்றனர்.

பயிர் வளர்ச்சிக்கு இன்றியமையாத நைதரசன், இலையிற் பெரும்பாலும் புரதமாக அமைந்துள்ளது. வெப்பம் ஏறியதும் புரதம் சிதைந்து, அமோனியா, ஐதரசன் சயனைட்டு முதலிய வாயுக்கள் வெளிப்படுகின்றன. சுவாலையில் இவற்றின் ஒரு பகுதி நைதரசன் ஒட்சைட்டுகளாகவும், மற்றொரு பகுதி வெறும் நைதரசன் வாயுவாகவும் மாறிக் காற்றிற் கலக்கின்றது. அவ்வொட்சைட்டுகள் சுவாசப்பைக்குத் தீங்கானவை. சாம்பலிற் பொற்றாசியமும் கல்சியமும் எஞ்சும். நைதரசனோ ஏறக்குறைய முற்றாக நீங்கிவிடும்.

உலர்ந்த கிளிரிசிடியா இலை 100 கிலோகிராமில் ஏறத்தாழ 3 கிலோகிராம் நைதரசன் உண்டு. இது 6½ கிலோகிராம் யூரியாவில் உள்ள அளவாகும். தடியில் அது மிகக் குறைவு.

ஆகவே கமக்காரர் செய்யவேண்டியவை:

1. வெட்டிய அன்றே இலைகளையும் இளந்தண்டுகளையும் நீக்குக.

2. அவற்றை நெல்வயலிற் சேற்றுழவின்போது மண்ணுள் அமிழ்த்துக; மரக்கறிப் பாத்திகளில் மண்ணை மூடிப் பரப்புக; அல்லது கூட்டெருவிற் சேர்க்குக.

3. தடிகளை நன்கு உலர்த்திய பின்னரே எரிக்குக.

4. சாம்பலைப் பாத்திகளுக்கு அளவாக இடுக. ஆயின் யூரியா, அமோனியம் சல்பேற்று, புதிய சாணம் ஆகியவற்றோடு அதனைக் கலத்தலாகாது. சாம்பலின் காரத்தன்மையால் அமோனியா வெளியேறி வீணாகும்.

அடுப்பில் இழந்த நைதரசனைப் பின்னர்ப் பணங்கொடுத்தே வாங்கவேண்டும் என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.