தோட்டத்தைக் காக்கும் வேலி சங்கமே

கமக்காரர்களே,

பயிரைப் பூச்சியினின்றும் நோயினின்றும் காக்கும் முறைகளை நீங்கள் நன்கு அறிவீர்கள். பயிர் நிற்கும் காணியையே காப்பது எவ்வாறு என்பதை இப்பிரசுரம் எடுத்துரைக்கின்றது. அமெரிக்காவிலுள்ள நியூயோர்க் மாநகரத்தில் வெற்று நிலங்களைத் தோட்டமாக்கியோர் பெற்ற அனுபவத்தை இதற்கு உதாரணமாகக் கொள்வோம். அவர்கள் செய்த நிலம் சிறிது. ஆயின் அவர்கள் கற்ற பாடம் நெல் செய்வோருக்கும் மரக்கறி செய்வோருக்கும் பெரிதும் பயன்படுவதாகும்.

குப்பைமேடு தோட்டமாயிற்று

1970ஆம் ஆண்டுகளில் அந்நகரம் கடும் பணமுடைக்கு உள்ளாயிற்று. வீட்டுரிமையாளர் பலர் வரி செலுத்தாது தம் கட்டடங்களைக் கைவிட்டனர். பல கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போயின. அந்நிலங்கள் மாநகர அரசின் கைக்கு வந்து, குப்பைமேடுகளாய்க் கிடந்தன.

1973ஆம் ஆண்டில் லிஸ் கிறிஸ்ரி என்னும் ஓவியரும் அவருடைய அயலவரும் பவரி வீதியும் ஹவுஸ்ரன் வீதியும் சந்திக்கும் மூலையிலிருந்த நிலமொன்றைத் துப்புரவு செய்தனர். இடிந்த கட்டட நிலத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கலந்திருக்கும். பழைய தீந்தையிலிருந்து ஈயமும் மண்ணிற் சேர்ந்திருத்தல் கூடும். ஆதலால் இத்தகைய நிலங்களில் நல்ல மேல்மண்ணைக் கொணர்ந்து, உயர்பாத்திகள் அமைத்துப் பயிரிடுதலே தக்கது. அவர்களும் மேல்மண் பரப்பி, வேலியடைத்து, 60 உயர்பாத்திகளில் மரக்கறி நட்டனர். 1974ஆம் ஆண்டில் மாநகர அரசு அந்நிலத்தை மாதம் 1 டொலர் வாடகைக்கு அவர்களுக்கு அளித்தது.

இதனைக் கண்டு ஏனைய பகுதி மக்களும் தோட்டஞ் செய்யலாயினர். 1978ஆம் ஆண்டில் ‘கிறீன்தம்’ என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் வாயிலாக வருடம் 1 டொலர் குத்தகைக்கு நிலங்கள் வழங்கப்பட்டன.

குத்தகையிலிருந்த குறை

அக்குத்தகை தற்காலிகமானது. அரசு வேண்டியபொழுது நிலத்தை மீளப் பெறலாம். குப்பைமேடு தோட்டமானதும் அயல் சிறந்தது. அயல் சிறந்ததும் காணி விலை உயர்ந்தது. தோட்டக்காரர் சிந்திய வியர்வையே அவர்களுடைய நிலத்திற்கு விலையை ஏற்றி, அதனை வாங்குவோரையும் அழைத்து வந்தது. வீடின்றித் துன்புறுவோருக்கு வீடு கட்டவும் நிலம் வேண்டியிருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை.

1999ஆம் ஆண்டு மே மாதத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தோட்டங்களைப் பகிரங்க ஏலத்தில் விற்பதற்கு மாநகர அரசு ஏற்பாடு செய்தது. தோட்டக்காரர் இதற்கு முன்னரே ஒன்றுகூடத் தொடங்கியிருந்தனர். 1996ஆம் ஆண்டில் தோட்டங்களின் கூட்டமைப்பொன்று நிறுவப்பட்டிருந்தது. அதனால் ஏலச் செய்தி வந்தபொழுது அவர்கள் தனித்தனியே கலங்கி நிற்கவில்லை. கூட்டங்கள் கூட்டினர், ஊர்வலம் சென்றனர், பொதுமக்களின் ஆதரவைத் திரட்டினர். மாநிலச் சட்டமா அதிபர் விற்பனைக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். ஏலத்திற்கு முதல் நாள், பொது நிலங்களைக் காக்கும் அறநிறுவனம் ஒன்றும், நடிகை பெற் மிட்லர் நிறுவிய நிறுவனமும் சேர்ந்து ஏறத்தாழ 42 இலட்சம் டொலர் கொடுத்து அத்தோட்டங்களை வாங்கின.

எனினும் எல்லாத் தோட்டங்களும் தப்பவில்லை. 2000ஆம் ஆண்டு பெப்புருவரி மாதத்தில், இருபதாண்டுகளுக்கு மேலாகப் பேணப்பட்ட ‘எஸ்பெரன்சா’ என்னும் தோட்டம் இயந்திரங்களால் அழிக்கப்பட்டது. அங்கே காவலிருந்தோர் பலர் கைதாயினர். நீதிமன்றத் தடையுத்தரவு வருமுன்னரே தோட்டம் போய்விட்டது. இறுதியில், 2002ஆம் ஆண்டில் மாநகர அரசும் சட்டமா அதிபரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். அதன்படி பல தோட்டங்கள் நிலையாகப் பாதுகாக்கப்பட்டன. சில நிலங்கள் வீடு கட்டுவதற்கு விடப்பட்டன. இன்று ‘கிறீன்தம்’ திட்டத்தில் 550க்கு மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. இடர் வருமுன்னரே சங்கம் அமைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் அணை கட்ட முற்படுதல் பயன் தராது. மாதமொருமுறையேனும் கூடுங்கள்; தலைவர், செயலாளர், தனாதிகாரி ஆகியோரைத் தெரிவு செய்யுங்கள்.

2. காணியில் உங்களுக்குள்ள உரிமை எழுத்தில் இருத்தல் வேண்டும். உறுதி, அனுமதிப்பத்திரம், குத்தகைப் பத்திரம் ஆகியவற்றின் பிரதிகளைச் சங்கத்திலும் ஒரு கோவையில் வைத்திருங்கள். குத்தகை முடியுந் திகதியை எல்லோரும் அறிந்திருத்தல் நன்று.

3. பயிர், விளைச்சல், செய்த வேலை என்பவற்றைக் கொப்பியிற் பதிவு செய்யுங்கள். ஒரு நிலம் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து செய்யப்பட்டு வந்தது என்பதற்கு இப்பதிவு சான்றாகும்.

4. வேலிக்கு வெளியேயுள்ளாரையும் நண்பராக்குங்கள். நியூயோர்க் தோட்டங்கள் குறித்த நேரங்களில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்படுகின்றன. தோட்டத்தின் பயனைக் கண்டவரே அதற்காகப் பேச முன்வருவர்.

5. ஒரு தோட்டத்திற்கு வந்த அறிவித்தலை எல்லாத் தோட்டங்களுக்கும் வந்ததாகவே கருதுங்கள். அயலூர்ச் சங்கங்களுடன் தொடர்பு வைத்திருங்கள். ‘எஸ்பெரன்சா’விற்கு நேர்ந்ததுபோல, ஒரு நாட் தாமதமும் பெருநட்டத்தை விளைவிக்கும்.

எமது நாட்டிலே 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் கமக்காரர் அமைப்புக்களைப் பதிவு செய்வதற்கு இடமளிக்கின்றது. உரிய அனுமதியின்றி நெற்காணியை நிரப்புவதையும் அச்சட்டம் தடுக்கின்றது. உங்கள் ஊரில் கமக்காரர் அமைப்பு இல்லையாயின், அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விசாரித்து ஒன்றை அமையுங்கள். அமைப்பு இருப்பின், அதன் அடுத்த கூட்டத்திற்குத் தவறாது சமுகமளியுங்கள். ஊர் கூடி இழுத்தாலன்றித் தேர் நகராது. ஊர் கூடிக் காத்தாலன்றிக் காணியும் நிலையாது.