சிம்ம ராசியில் ஓர் உலகம்: 99.7 விழுக்காடு போதுமா?

தேக்காவில் தீபாவளி ஒளியூட்டு நேரம். சிராங்கூன் சாலை அலங்கார வளைவில் வரிசை வரிசையாகப் பல்புகள். நீங்கள் ஜூரோங்கில் நின்றுகொண்டு, அதில் ஒரு பல்பின் முன்னால் கொசு ஒன்று பறந்துபோனதைக் கண்டுபிடிக்க வேண்டும். வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடுபவர்களின் வேலை ஏறக்குறைய அதுதான். கோளையே பார்ப்பதில்லை. அது குறுக்கே போகும்போது நட்சத்திரத்தின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்று அளக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால், நம் பூமி சூரியனைக் கடக்கும்போது 10,000இல் ஒரு பங்குகூட மங்காது!

இந்தத் துறையில் இன்று அதிகம் பேசப்படும் பெயர் நிக்கு மதுசூதன். வாரணாசியில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் எம்ஐடியில் சாரா சீகரிடம் ஆய்வு செய்து 2009இல் முனைவர் பட்டம் பெற்றார். இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். கோளைக் கண்டுபிடிப்பதோடு அவர் நிற்கவில்லை. அதன் காற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டார். நட்சத்திர ஒளி கோளின் காற்று மண்டலம் வழியாக வரும்போது, ஒவ்வொரு வாயுவும் தனக்கென்று சில நிறங்களை விழுங்கிவிடும். விடுபட்ட நிறங்களை வைத்து வாயுவை அடையாளம் காணலாம்.

அவர் ஆராயும் கோள் கே2-18பி. 124 ஒளியாண்டு தூரம். பூமியைப்போல் 2.6 மடங்கு அகலம், அங்கே ஓர் ஆண்டு என்பது 33 நாள். 2019இல் வேறு குழுவினர் அங்கே நீராவி இருப்பதாகச் சொன்னார்கள். 2023இல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் மதுசூதன் குழு பார்த்தபோது தெளிவாகத் தெரிந்தது மீத்தேனும் கரியமில வாயுவும்தான். 2025 ஏப்ரலில் இன்னொரு செய்தி: டைமெத்தில் சல்ஃபைடு இருப்பதற்கான அறிகுறி. பூமியில் இதைப் பெரும்பாலும் கடல் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன.

அவ்வளவுதான், வாட்ஸ்அப் குழுக்களில் "நம்ம ஆளு வேற்றுலக உயிரைக் கண்டுபிடிச்சிட்டாரு!" என்று பறந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. தற்செயலாக அப்படி ஒரு குறி தெரிய 1,000க்கு 3 வாய்ப்பு உண்டு என்றது அவர் குழு. பரீட்சையில் 99.7 வாங்கினால் வீட்டில் விருந்துதான். ஆனால் இங்கே "கண்டுபிடித்தோம்" என்று சொல்ல, அந்த வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழே போகவேண்டும். அதே தரவை மறுபடி ஆராய்ந்த வேறு சிலர், ஆதாரம் போதாது என்றார்கள். போதாக்குறைக்கு, அதே வாயு ஒரு வால்நட்சத்திரத்திலும் இருந்திருக்கிறது. அங்கே ஏது கடல், ஏது உயிர்?

இந்தக் கண்டிப்புக்குப் பின்னால் பழைய கதை ஒன்று உண்டு, அதுவும் சென்னையில். 1855இல், நுங்கம்பாக்கத்தில் இருந்த மெட்ராஸ் வானாய்வகத்தின் கேப்டன் ஜேக்கப், 70 ஒபியூகி என்ற இரட்டை நட்சத்திரத்தின் பாதையில் ஒரு பிசகைக் கவனித்தார். அங்கே ஒரு கோள் இருப்பதற்கு வாய்ப்பு மிக அதிகம் என்று எழுதினார். பிற்காலக் கணக்குகளில் அந்தக் கோள் காணாமல் போனது. சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு உண்மையிலேயே ஒரு கோள் கிடைக்க 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று அந்தப் பட்டியலில் 6,000க்கும் மேல்.

மதுசூதன் குழு கேட்பது இன்னும் 16 முதல் 24 மணி நேரத் தொலைநோக்கி நேரம். அதற்குள் நீங்கள் ஒன்று செய்யலாம். ஏப்ரலில் இரவு 9 மணிவாக்கில் வீவக புளோக்கின் கீழே இறங்கி, அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய தலைக்கு மேலே மின்னுவது மகம் நட்சத்திரம். அதற்குக் கிழக்கே, அதே சிம்ம ராசியில், வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஒரு சிவப்புப் புள்ளியைச் சுற்றிக்கொண்டிருக்கிறது கே2-18பி.